டமாரியின் அலறல்கள்

ஜூன் 9, செவ்வாய்

இன்று வகுப்பில் 'எனக்குப் பிடிக்காத நிகழ்ச்சி' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் டமாரியை எடுத்துக்கொண்டேன். மஞ்சள் பூட்ஸ் போட்ட கார்ட்டூன் முள்ளெலி. "வந்தாச்சு, வந்தாச்சு, நான் வந்தாச்சு" என்று எல்லோர் பேச்சிலும் குறுக்கே விழுவாள். தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்வாள். இலை மேலே விழுந்தால்கூட அலறுவாள். கதை என்றால் அதில் வருகிறவர்கள் கொஞ்சமாவது மாற வேண்டும், டமாரி முதல் நாள் போலவே கடைசி நாளும் கத்துவாள் என்றேன். பக்கத்து இடத்துப் பம்பரம் (அவள் நிற்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர்) மேசையைத் தட்டினாள். டீச்சர் மட்டும், பிடிக்காததை இத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறாயே என்று சிரித்தார்.

டமாரிக்குத் தமிழில் குரல் கொடுப்பது என் அம்மா என்பதை நான் சொல்லவில்லை.

ஜூன் 12, வெள்ளி

அம்மாவின் குரல் காற்றாகத்தான் வருகிறது. நேற்று ஸ்டூடியோவில் டமாரியின் அலறல்களை எடுத்திருக்கிறார்கள். வசனத்தை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, விழுவது, கொட்டு வாங்குவது, துரத்தப்படுவது ஆகிய அலறல்களைக் கடைசியில்தான் எடுப்பார்களாம். அலறிய தொண்டையால் பிறகு வசனம் பேச முடியாது.

அம்மா எனக்குப் படித்துக்காட்டும் கலங்கரை விளக்கக் கதை பாதியில் நிற்கிறது. எனக்கே படிக்கத் தெரியும்தான். ஆனால் அம்மா படித்தால் கடல் தெரியும். நாளைக்கு என்று கையால் காட்டினாள். நேற்றும் அப்படித்தான் காட்டினாள்.

ஜூன் 15, திங்கள்

தொண்டை டாக்டரிடம் போனோம். அம்மாவின் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். இரண்டு பக்கமும் சின்ன மேடு. என் நடுவிரலைத் தொட்டு, "பேனா பிடிச்சுப் பிடிச்சு இங்க காய்ச்சிருக்குல்ல, அந்த மாதிரிதான்" என்றார். ஒரு மாதம் பேசவே கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது. அலறுவதை அடியோடு விட வேண்டும். இல்லையென்றால் பேசுகிற குரலே போய்விடுமாம்.

அம்மா நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தத்தில் கிசுகிசுத்தாள். "ஸ்டூடியோல மூச்சு விடாத. தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க. சனிக்கிழமை போய் முடிச்சுட்டு வந்துடறேன்."

சனிக்கிழமையா? டாக்டர் திரையில் காட்டியதைப் பார்த்தாள்தானே? அந்த முள்ளெலி உனக்கு அவ்வளவு பெரிசா என்று கேட்டுவிட்டேன்.

அம்மா சாலையைப் பார்த்தபடி மறுபடி கிசுகிசுத்தாள். "நான் எங்கயாவது சத்தமாப் பேசிப் பார்த்திருக்கியா குட்டி? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள யாராவது பேசி முடிச்சுடுவாங்க. டமாரி பேச்சுல யாராலும் குறுக்க வர முடியாது. அது எனக்குப் பிடிக்கும்."

நான் யோசித்துப் பார்த்தேன். பார்த்ததே இல்லை.

ஜூன் 16, செவ்வாய்

சொல்லலாமா? சொன்னால் டமாரி போய்விடுவாள். எனக்குச் சந்தோஷம்தானே? அதுதான் பயமாக இருக்கிறது. அம்மாவின் தொண்டைக்காகச் சொல்வேனா, டமாரி தொலையட்டும் என்று சொல்வேனா?

ஜூன் 18, வியாழன்

சொல்லிவிட்டேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவு மாமா சனிக்கிழமை நேரம் சொல்லப் போன் செய்தார். மேடு, காய்ப்பு, டாக்டர் எல்லாம் கொட்டிவிட்டேன். "நல்ல வேளை சொன்ன மருமகளே" என்றார். குரலில் நல்ல வேளையே இல்லை.

ஜூன் 19, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை ரத்து. அடுத்த வாரம் வேறு ஒருவரைப் பேசவைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

திட்ட முடியாதே அவளால். என் எதிரே வந்து டிவியைப் போட்டாள். சேர்த்து வைத்திருக்கும் பழைய டமாரிக் கதைகளில் ஒன்றைத் தேடி எடுத்துச் சத்தத்தை ஏற்றினாள். டமாரி நத்தையைத் திட்டுகிற இடம். "உன்னை யாரு கேட்டா? உன் மூக்கை எதுக்கு நீட்டின? உன்னைப் போயி நம்பினேன் பாரு!" முடிந்ததும் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டாள். மறுபடியும். அம்மா என்னைத் திட்டியதே இல்லை. முதல் தடவை திட்டியது முள்ளெலி.

கண்ணாடிக் கடையிலிருந்து வந்த அப்பா, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

ஜூன் 21, ஞாயிறு

அம்மா இப்போது உண்மையாகவே பேசுவதில்லை. யாருக்காகக் குரலைச் செலவழிக்க வேண்டும்? கரண்டி சத்தம் மட்டும் வீட்டில் கேட்கிறது. என்னைப் பார்ப்பதுமில்லை.

ஜூன் 24, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். எதற்கு? மன்னிப்புக் கேட்கவா, அதுவே தெரியவில்லை. மாமா தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு புது அக்கா பேசிக்கொண்டிருந்தார். வசனம் பரவாயில்லை. டமாரி மாதிரிதான் இருந்தது.

அம்மாவின் வசனத்துக்கு வேண்டுமானால் காத்திருப்போம், மற்றப் பாத்திரங்களின் பேச்சை முதலில் எடுத்துவிடலாம் என்றார் மாமா. "ஆனா அலறலுக்கு என்ன பண்றது? அலறாத டமாரிய யாரு பார்ப்பா?"

புது அக்கா கிணற்றில் விழுகிற காட்சிக்கு அலறினார். என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "அது தேனீ கொட்டற அலறல். விழறப்போ டமாரி முதல்ல மூச்சை உள்ள இழுப்பா. பலூன் கதையில வருமே, அதுதான் இதுக்குச் சரியா இருக்கும்."

மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பலூன் கதையைத் தேடி எடுத்தார். அந்த அலறலை வெட்டிக் கிணற்றுக் காட்சியில் வைத்தார். டமாரி விழுந்தாள். மூச்சும் அலறலும் வாயசைவோடு அப்படியே ஒட்டிக்கொண்டன.

"நண்டு கடிக்கறதுக்கு?"

"பனிச்சறுக்கு கதை. ரெண்டாவது அலறல். முதலாவது ரொம்ப நீளம்."

பழைய அலறல் எல்லாமே தன்னிடம் இருக்கிறது, எது எங்கே என்று தேடுவதற்குள் தாடி நரைத்துவிடும், அதனால்தான் அந்த யோசனையே வரவில்லை என்றார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

டைரக்டர் மேடம் எட்டிப் பார்த்து, யார் இந்தப் பெண், டமாரி ரசிகையா என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம்," என்றார் மாமா, "எதிரி."

மேடம் கிணற்றுக் காட்சியை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, அம்மா சம்மதித்தால் பழைய அலறல்களை வைத்துக்கொள்ளலாம், வசனத்துக்கு ஒரு மாதம் பார்க்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார். அம்மா சம்மதித்தால். என் முகத்தையே பார்க்காத அம்மா.

ஜூன் 25, வியாழன்

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தேனீ, நண்டு, பலூன் எல்லாம். அம்மா அடுப்பை அணைத்தாள். என்னைத் தாண்டிப் போய் டிவியைப் போட்டாள். மறுபடியும் நத்தையா?

இல்லை. பிறந்தநாள் கதையின் கடைசி. டமாரி உர்ரென்ற முகத்தோடு, "சரி சரி சரி, போனா போகுது, வந்து பக்கத்துல உக்காரு" என்கிற இடம். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள்.

போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 4, சனி

நாள் முழுக்க ஸ்டூடியோவில் மாமாவும் நானும் பழைய கதைகளிலிருந்து அலறல் பொறுக்கினோம். காது அடைத்துவிட்டது. டமாரியை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

டாக்டர் பேசச் சொன்னார். அம்மா வாயைத் திறந்து, திறந்தபடியே இருந்தாள். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், வலித்தது.

"குட்டி."

பழைய குரல் இல்லை. கீழே இறங்கி, ஓரம் கொஞ்சம் பிசிறு தட்டியது. மேடுகள் சின்னதாகிவிட்டன, மறையவில்லை என்றார் டாக்டர். டமாரி வசனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பார்க்கலாம். அலறல் மட்டும் இனி எப்போதும் கிடையாது. அம்மா தலையாட்டினாள். இந்தத் தடவை நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

நேற்று டிவியில் கிணற்றுக் கதை வந்தது. அந்தக் கத்தல் காதைக் கிழித்துவிட்டது, இதுவரை வந்ததிலேயே கொடுமை அதுதான் என்று பம்பரம் இடைவேளை முழுக்கப் புலம்பினாள். நன்றி என்றேன். எதுக்குடி என்றாள். அது என் அம்மா என்றேன்.

பம்பரம் முதல்முறையாக அசையாமல் நின்றாள்.

ஆகஸ்ட் 22, சனி

சாயங்காலம் அம்மா கலங்கரை விளக்கக் கதையை எடுத்தாள். விட்ட இடத்தில் நான் வைத்த காகிதம் அப்படியே இருந்தது. மெதுவாகப் படித்தாள், பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டு. இந்தக் குரலில் கடல் இன்னும் ஆழமாக இருக்கிறது. புயல் வந்தது. விளக்குக்காரன் மாடத்தில் நின்று படகைப் பார்த்துக் கத்துகிற வரி வந்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்தாள்.

நான் முதலில் மூச்சை உள்ளே இழுத்தேன். பிறகு கத்தினேன்.

அம்மா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள்.