நான் மாற்றி வைத்த ஒரு எண்

மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் வார்னிஷ் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வரும். உனக்கு அது நன்றாகத் தெரியும். இன்று காலை செவிலிமேட்டில் உன் வீட்டு முன்னறையில், நாம் இருவரும் சேர்ந்து கட்டிய, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் சிஎன்சி எந்திரத்தை ஓடவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் அந்த நாற்றம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ செத்து நாற்பது நாளாகிறது. இன்னும் உன்மேல் ஆத்திரம் தீரவில்லை.

பாதியில் நின்ற சர்ச் பெயர்ப்பலகையை முடித்துத் தரச் சொல்லி உன் அம்மாதான் கூப்பிட்டார்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு நமக்கு. எந்திரம் கட்டியபோதும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். இரும்பும் வயரிங்கும் நீ, கம்ப்யூட்டர் நான். ஒருமுறை உன் வயரைத் தொட்டுவிட்டேன். "என் பக்கம் நீ வராத, உன் பக்கம் நான் வரமாட்டேன்" என்று ஸ்குரூடிரைவரை என் மூக்குக்கு நேராக நீட்டினாய். விழுந்து விழுந்து சிரித்தோம்.

நான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உன் வீடு. அந்தக் கடைசி வாரம், திங்கட்கிழமை போன் செய்தாய்.

"குறுக்கால போற மோட்டார் நடுநடுவுல நின்னுடுதுடி. கத்திக்கினே இருக்குது, சுத்த மாட்டேங்குது."

"எங்கனா வயர் லூசா இருக்கும், பாரு."

மறுநாளும் கூப்பிட்டாய். "வயரெல்லாம் மாத்திட்டேன். மோட்டாருக்குக் கரண்டும் ஏத்திப் பாத்துட்டேன், கொதிக்குது. நீ எதனா மாத்துனியாடி?"

"நான் எதையும் தொடல. உன் வேலைய ஒழுங்கா பாரு."

உன் குரல் கம்மியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஞாயிறு ராத்திரியிலிருந்தே காய்ச்சல், மாத்திரையை விழுங்கிவிட்டு எந்திரத்துக்கு முன்னால் நின்றாய் என்பதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா சொல்லித்தான் தெரியும். டெங்கு. "இவ்வளவு நாள் வீட்ல வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணீங்க?" என்று நர்ஸ் அவரைத் திட்டினார். சனிக்கிழமை மதியம் நீ போய்விட்டாய்.

உனக்கு வாய் எதற்கடி இருந்தது? மோட்டாருக்கு முடியவில்லை என்று இரண்டு நாளும் சொன்னவள், எனக்கு முடியவில்லை என்று ஒரு தடவை சொல்லக்கூடாதா?

இன்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மோட்டாரைக் கழற்றிவிட்டு, செதுக்கும் முனையைத் தாங்கும் சட்டத்தை நகர்த்துகிற திருகுத்தண்டைக் கையால் சுற்றினேன். எங்கும் பிடிக்காமல் ஓடியது. உன் வயரிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக என் பக்கம் வந்தேன், கம்ப்யூட்டரைத் திறந்தேன். மோட்டார் எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்க வேண்டும் என்று ஒரு எண் கொடுத்திருப்போம். நூறு இருக்க வேண்டிய அந்த இடத்தில் ஐநூறு இருந்தது.

நான்தான். கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ டீ போட உள்ளே போயிருந்தாய். பலகை சீக்கிரம் முடியட்டும் என்று ஏற்றினேன், சொல்ல மறந்துவிட்டேன். நீ கேட்டபோது யோசித்துக்கூடப் பார்க்காமல் இல்லை என்றேன். அவ்வளவு கனமான சட்டத்தைச் சட்டென்று இழுக்கச் சொன்னால் அந்தச் சின்ன மோட்டார் திணறி நிற்காமல் என்ன செய்யும்?

எண்ணைக் குறைத்தேன், நீ ஏற்றிய கரண்டையும் இறக்கினேன். எந்திரம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. சத்தம் கேட்டு உன் அம்மா வந்தார்.

"ஓடுதே! இன்னாம்மா ஆயிருந்துச்சு?"

"என் தப்புதாம்மா. நான் ஒரு நம்பர மாத்தி வெச்சிருந்தேன்."

"அவளுக்குத் தெரியும்மா. புதன்கிழமையே கண்டுபுடிச்சிட்டா. 'மாத்திட்டு இல்லன்றா பாரும்மா. ஞாயித்துக்கெழம வரட்டும், அவ கையாலயே மாத்த வெக்கிறேன்'னு படுத்துக்கினே சிரிச்சா."

அடிப்பாவி! ஒரு போன் போட்டு என்னைக் கிழி கிழியென்று கிழித்திருக்கலாமே. சண்டை போடுவதற்காகவாவது அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பேன். உன் முகத்தைப் பார்த்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

பலகை சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். சர்ச்சில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லபடியாகப் பேசுவார்கள். பேசட்டும். நான் உன்னை மன்னிக்கவில்லை. நீயோ படுத்தபடியே சிரித்து, என்னை மன்னித்துவிட்டுப் போய்விட்டாய். அதை வைத்துக்கொண்டு நான் என்னடி செய்வது?