பார்சலில் போயிருக்க வேண்டிய போன்

செவ்வாய் இரவு

நேரில் போனால்தான் மரியாதை என்று நான் அன்றைக்கே சொன்னேன். இறந்துபோன மச்சானின் பழுதான செல்போன்களை லாரி பார்சலில் அனுப்பலாம் என்றாள் அவர் மனைவி, என் தங்கை மல்லிகா. நான்தான் திருச்சி மறுசுழற்சிக் கம்பெனிக்கு நேரில் கொண்டுபோனேன். முதலாளியே எழுந்து நின்று வரவேற்றார்.

திரும்பி வந்து அவளிடம், "மெஷின்ல போடுறப்ப ஒரு போன்ல தானா லைட் வந்துச்சும்மா. மச்சான் சிரிச்ச முகம்!" என்றேன். ஆறுதலாக இருக்குமென்று நினைத்தேன்.

"அப்ப உசுரு இருந்திருக்கு. ஏண்ணே அரைக்க விட்டீங்க?" என்றாள்.

அடுத்த அறையில் இன்னும் சார்ஜரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணை மூடினால் எனக்கும் அந்த முகம் வருகிறது. உண்மையில் எந்தப் போனிலும் வெளிச்சம் வரவில்லை. இப்போது அதைச் சொன்னால் நம்பமாட்டாள். இத்தனை வருஷத்தில் நான் சொன்னதில் அவள் நம்பியது அந்த வெளிச்சம் ஒன்றைத்தான்.