அப்பாவின் இடது பக்கம்

வில்க்ஸ் கவுண்டி, வட கரோலினா
செப்டம்பர் 1952

அன்புள்ள ஆர்லிஸ்,

கொரியாப் போர்முனையில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மீதியைப் படிக்கும்போது நீ பதறக்கூடாது என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

அப்பா இனிமேல் கார் பந்தயத்தில் ஓட்டமாட்டார்.

போன வருடம் முன்னால் போன கார் வாரியடித்த கல் அவர் முகத்தில் பட்டதே, நினைவிருக்கிறதா? "கண்ணுல தூசி, அவ்வளவுதான்" என்றார். நீ கப்பலேறிய பிறகுதான் கவனித்தேன். காபி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகிறது. இடது கண் போய்விட்டது. கேட்டதற்கு, "மலைப்பாதையில போலீசுக்குத் தெரியாம விளக்கை அணைச்சுட்டு சாராயம் ஏத்திட்டுப் போனவன் நான், யூலா. ஒத்தக் கண்ணு போதும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். மாட்டுக்காரர்களின் மேய்ச்சல் நிலத்தில் வட்டம் போட்டு ஓட்டிய காலத்திலிருந்து அவரை எனக்குத் தெரியும். அது துணிச்சல் இல்லை, பயம். பந்தயத்தை விட்டால் மறுபடி மரம் அறுக்கும் மில்லுக்குத்தான் போக வேண்டும்.

போன சனிக்கிழமை செம்மண் காய்ந்து தடம் முழுக்கப் புழுதி. அப்பாவோடு எப்போதும் மல்லுக்கு நிற்பாரே ஹாய்ட் கிரீசன், அவர் இடப்பக்கமாக உள்ளே நுழைந்தார். அப்பா பார்க்காமல் காரை இடப்பக்கம் ஒடித்தார். ஹாய்டின் கார் வேலியை உடைத்துக்கொண்டு உருண்டது. அவருக்குத் தோளெலும்பும் விலாவும் முறிந்துவிட்டன.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி, "ஹாய்ட், எனக்கு இடது கண்ணு தெரியாது. மறைச்சுட்டேன்" என்றார்.

ஹாய்ட் சிரிக்கப் பார்த்தார், விலா விடவில்லை. "தெரியும்டா கிழட்டுக் கழுதை. இந்தக் கோடை முழுக்க உன் நல்ல கண்ணு இருக்கிற வெளிப்பக்கமாத்தானே முந்தப் பார்த்தேன்? அன்னிக்குப் புழுதியில எது உன் வண்டின்னே தெரியல."

வெளிப்பக்கமாகப் போனால் எவ்வளவு தூரம் கூடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சுற்றித்தான் அவர் அப்பாவிடம் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் இந்தக் கோடையில் ஜெயித்த கோப்பைகளை ஒரு போர்வையில் மூட்டை கட்டி, ஹாய்ட் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். ஹாய்டின் மனைவி நெல், "இத்தனையையும் யாரு தொடைக்கிறது?" என்று கத்தினாளாம். பிறகு உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை மில்லுக்குப் போய் வேலை கேட்டுவிட்டு வந்தார்.

ஊர் திரும்பியதும் அப்பாவின் பந்தயக் காரை நீ ஓட்டலாமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். "அவனுக்குத்தான்னு எழுது" என்கிறார் அப்பா. எழுதிவிட்டேன். என் அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஒன்றே ஒன்று, மகனே. உனக்கு ஏதாவது அடிபட்டிருந்தால், சின்னக் காயமானாலும், எனக்கு அதை அப்படியே எழுது. நான் தாங்குவேன். கர்த்தர் உன்னை முழுதாகத் திருப்பி அனுப்பட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா