எழுதாமல் விட்ட வரி

அடியே கோபக்காரி,

நாம பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்த ஆசிரியர் கூட்டமெல்லாம் ஞாபகம் இருக்கா? "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர்"னு சொல்லியே கூட்டக் குறிப்பு நோட்டை என் தலையில கட்டிடுவாங்க. டிரில் மாஸ்டர் குறட்டை விட்டதும் நீ என் காலை மிதிப்பே. சிரிப்பை அடக்க என்ன பாடுபட்டேன்!

ஒருநாள் நீ எழுந்து, "அடுத்த ஹெட்மாஸ்டர் ஏன் ஒரு பொம்பளையா இருக்கக் கூடாது?"ன்னு கேட்டே. எல்லாரும் சிரிச்சாங்க. "அதை எழுத வேண்டாம்"னார் ஹெட்மாஸ்டர். நீ என் பேனாவையே பார்த்தே. நான் மூடி போட்டேன். அப்புறம் நீ என் பக்கத்துல உட்காரவே இல்ல.

இன்னைக்குத் தலைமை ஆசிரியையா என் முதல் கூட்டம். நோட்டுல முதல் வரியா, உன் பேர் போட்டு, அந்தக் கேள்வியை எழுதினேன்.

கையெழுத்துதான் கோணிப்போச்சு.

உன் பழைய
பக்கத்து நாற்காலி