ஒரு கண்ணோடு மலைக்குப் போனவருக்கு

நேற்றுப் பின்னேரம் ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒருவர் மகளிடம் ஒரு பை பாலைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைக் குசினி மேசையில் கொட்டினாள். அந்தத் தித்திப்பான, பால் பிசின் மணம் மூக்கில் ஏறியதும் நான் குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அம்மா, ஏன் அங்கையே நிண்டிட்டீங்கள்?"

"ஒண்டுமில்லை, பிள்ளை" என்றேன். அவள் பிறப்பதற்கு முந்திய கதை. உங்களோடுதான் கதைக்க வேண்டும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நீங்கள் குளத்து வேலைகளுக்கு ஓவசியர். கலியாணமாகி இரண்டாம் வருடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குக் காட்டோரத்துக் குவாட்டர்சில் பகலிலும் பயம். உங்களுக்கோ கமராவும் மலையும் தவிர வேறு நினைவில்லை. வவுனியாவில் பழையதாக வாங்கிய பெட்டிக் கமரா அது. நெஞ்சளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். மலைநாட்டு வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, தினமும் அதன் முன்னால் நின்று பயணம் போனீர்கள். மாங்குளத்தில் ரயிலேறி, பொல்காவலையில் மாறி, பட்டிப்பொலையில் இறங்கி, அங்கிருந்து நடை. "அங்கை மரையள், அந்தப் பெரிய மானுகள், மாடு மாதிரி வெட்டவெளியிலை மேயுமாம். மேகம் காலுக்குக் கீழை போகுமாம்" என்பீர்கள். பாறை விளிம்பில் உலகமே முடிந்துவிடுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். அதைப் படம் பிடிக்காமல் சாகமாட்டேன் என்று சொன்னீர்கள்.

கூட வர ஒப்புக்கொண்டவர் காசிம் நானா. வவுனியாவிலிருந்து லொறியில் வந்து எங்கள் பக்கத்தில் தேன் வாங்கும் வியாபாரி. உங்கள் சொல்லைக் கேட்டு அவர் கொழும்பிலிருந்து படச் சுருளும், இரண்டு கம்பளிக் கோட்டும் எடுப்பித்தார். சுருள் வெக்கையில் கெட்டுவிடும் என்று தகர டப்பாவில் போட்டு, என் தண்ணீர்ப் பானைக்கடியில் ஈரமணலுக்குள் புதைத்தீர்கள். அட்டை கடிக்காமலிருக்கக் காலுக்குச் சவர்க்காரம் பூசலாமா, உப்புக் கட்டலாமா என்று நீங்கள் இருவரும் ஒருநாள் முழுக்க வாதாடியதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அந்தத் திட்டத்தில் எனக்கு இடமில்லை. நான் வீட்டைப் பார்க்க வேண்டியவள்.

"மரையைக் கண்ட உடனை கை நடுங்கினால் எல்லாம் பாழ். இஞ்சையே பழகிக்கொண்டு போகவேணும்" என்று ஞாயிறுகளில் காசிம் நானாவையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகத் தொடங்கினீர்கள். அது பாலைப்பழக் காலம். விழுந்த பழத்தைத் தின்ன மரத்தடிக்கு மான்கள் வரும்.

ஒரு ஞாயிறு காலை நான் கம்பளிக் கோட்டுகளைக் கொடியில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். லொறி ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்து படலையில் நின்றது. காசிம் நானா குதித்து ஓடிவந்தார். உடம்பில் சட்டை இல்லை.

"தங்கச்சி, ஓடி வாங்க. ஐயாவுக்கு உசிர் இருக்கு."

உயிர் இருக்கிறது என்று ஏன் சொல்கிறார்? எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கரடி" என்றார். "மரத்துக்கு மேல இருந்திருக்குது. நாங்க காணல்ல. ஐயா குனிஞ்சு கமராவைப் பாத்துக்கொண்டு இருந்தார். நான் கோடாலியால தகரத்தில அடிச்சுக் கத்தித்தான் விட்டுட்டுப் போச்சு."

லொறியின் பின்தட்டில் தேன் தகரங்களுக்கு நடுவில் கிடந்தீர்கள். காசிம் நானாவின் சட்டை உங்கள் முகத்தைச் சுற்றியிருந்தது. அது வெள்ளைச் சட்டை என்பது தோளில் எஞ்சிய ஒரு துண்டில்தான் தெரிந்தது. கொதிக்கிற வெயிலில் உங்கள் பல் கிடுகிடுத்தது. என் கையில் கோட்டு இருந்ததை அப்போதுதான் கண்டேன். அதைப் போர்த்தினேன். மலைக் குளிருக்கென்று வாங்கிய கோட்டை வவுனியா ஆசுப்பத்திரி வரைக்கும் அந்த வெக்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் அழவில்லை. அழ வேண்டும் என்பதே ஞாபகம் வரவில்லை.

வலக் கண் போய்விட்டது. வலக் கையில் இரண்டு விரலும் போயின. கட்டு அவிழ்க்கப் போகும் நாளில் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு எல்லாம் சொன்னார். நானும் தயாராகத்தான் உள்ளே வந்தேன். ஆனாலும் கட்டு அவிழ்ந்தபோது என் கையிலிருந்த கோப்பை விழுந்து தேத்தண்ணீர் என் கால்களில் ஊற்றியது. சுட்டது கூடத் தெரியவில்லை. கன்னம் கண்குழிக்குள் இழுபட்டிருந்தது. உங்கள் குரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஆளுடையது.

"பயமாய் இருக்கோ?" என்று கேட்டீர்கள்.

நான் குனிந்து கோப்பையை எடுத்தேன்.

"எனக்கும் பயமாய்த்தான் கிடக்கு" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னீர்கள். முற்றத்தில் யாராவது கூப்பிட்டால் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். சுவரில் இருந்த மலை வரைபடத்தை நானே கழற்றி மடித்து வைத்தேன். அந்தப் பேச்சு இனி இல்லை என்றுதான் நினைத்தேன். மாரி முடிந்த கையோடு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்.

"அந்தப் படத்தை எங்கை வைச்சனீர்? மாசியிலை போவம்."

"எங்கை?"

"மலைக்கு."

அகப்பையோடு அப்படியே நின்றேன். "உங்களுக்கு விசரே? ஒரு கண்ணோடையோ?"

"கமராவுக்கு ஒரு கண் போதும். பொத்தானை அமத்திறதுக்குத்தான் கை சரியில்லை. அதுக்குத்தான் நீர் வாறீர்."

கரடிக்குப் பிறகு நான் பட்ட பெரிய அதிர்ச்சி அதுதான். காசிம் நானாவும் ஆடிப்போனார். "ஐயா, நான் வரல்ல. அந்தக் கமராவைக் கண்டாலே எனக்கு அந்தக் காட்டுச் சத்தம் கேக்குது" என்றார். ஆனால் புதுச் சுருள் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். நீங்கள் கதிரையில் இருந்தபடி வெளிச்சமும் தூரமும் சொல்லித் தந்தீர்கள். நான் முற்றத்துக் கோழிகளை எடுத்துப் பழகினேன். முதல் சுருள் கழுவி வந்தபோது ஒரு கோழிக்கும் தலை இல்லை. நீங்கள் ஏசவில்லை. "கோழி போகட்டும், மரைக்குத் தலை வேணும்" என்றீர்கள்.

மாசியில் புறப்பட்டோம். ரயிலில் எங்களுக்கு எதிரே இருந்த அம்மா ஒருவர் உங்கள் சால்வை விலகியதும் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பட்டிப்பொலை வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் போய்விடுவோமா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிய, பனி உறைந்து வெளுத்த புல்வெளியில் மரைகள் நின்றன. நீங்கள் சொன்னது போலவே, மாடு மாதிரி. என் கால் விறைத்து, கை நடுங்கியது. "மூச்சைப் பிடியும். தலை நிமிரட்டும். இப்ப அமத்தும்" என்று காதருகில் சொன்னீர்கள். அமத்தினேன். அந்தப் படத்தில் தலை இருந்தது.

பாறை விளிம்புக்கு வந்தபோது எங்கும் வெண்புகார் மூட்டம். ஒன்றும் தெரியாமல் நின்றோம். திடீரென்று காற்று அடித்துப் புகார் விலகியது. என் கால் விரலுக்கு அங்கால் நிலம் இல்லை. எத்தனையோ ஆழத்தில் தேயிலைத் தோட்டம் ஒன்று பாசி போலத் தெரிந்தது. ஐயோ என்று கத்தி அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். கரடி அடித்த நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு. சிரித்தபடியே சால்வையை எடுத்துத் தோளில் போட்டீர்கள்.

"என்னை ஒண்டு எடும்."

வழக்கமாக நல்ல பக்கத்தைத்தான் ஆட்களுக்குக் காட்டுவீர்கள். இடப் பக்கம் தெரியத் திரும்புவீர்கள் என்று காத்திருந்தேன்.

"என்ன பாக்கிறீர்? நேரை எடும்."

குனிந்து பார்த்தேன். அந்தக் கமராவின் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும். உங்கள் முகம் முழுவதும், காயம் மறுபக்கத்தில். கட்டு அவிழ்த்த நாளிலிருந்து நான் உங்களை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்கப் பயம் விலகியது. அது உங்கள் முகம். அமத்த மறந்துபோனேன்.

"எடுத்தாச்சோ?"

"பொறுங்கோ" என்றேன். "இன்னும் கொஞ்சம்."

பிறகு நீங்கள் சால்வை இல்லாமல்தான் வேலைக்குப் போனீர்கள். மகள் அந்த முகத்தைப் பார்த்தே வளர்ந்தாள். காய்ச்சலில் படுத்து ஒரு கிழமைக்குள் நீங்கள் போனபோது கரடியைப் பற்றி ஊரில் யாருக்கும் நினைவில்லை. இடப்பெயர்வுகளில் அந்தப் படங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது சுவரில் மாலையோடு இருப்பது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலியாணப் படம். அழகான இளைஞன். அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

கண்ணை மூடினால் எனக்கு வருவது பாறை விளிம்பில் நின்ற நீங்கள்தான், கமராவில் கண்டதுபோல் காயம் இடப் பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் நான்தான் திருத்திக்கொள்கிறேன். இல்லை, வலது. உங்களுக்கு வலப் பக்கம்.