பன்னிரண்டு பாட்டுக்குப் பின்னால்

மரக்கலம்-4 சரக்குக் கப்பல். காவல் குறிப்பேடு.
எழுதுபவர்: பட்டமுத்து, காவல் முறைக்காரர்.

நாள் 212. 08:30

காற்று சரி. தண்ணீர் சரி. கதிர் புகாத ஈய அறையில் ஐந்து உறக்கப் பெட்டிகளும் சரி. உள்ளே ஐந்து பேரும் குளிரில் கட்டையாகக் கிடக்கிறார்கள். பூமிக்கு இன்னும் ஐந்து மாதம். அதுவரை கப்பலில் விழித்திருக்கும் ஒரே ஜீவன் நான். வயது ஐம்பத்திரண்டு. தொப்பையைச் சேர்த்தால் ஒன்றரை ஜீவன்.

அவசரக் கையிருப்பு: வெற்று டிஸ்க் 25. எண்ணிப் பார்க்கவில்லை. பெட்டி மூடியில் கேப்டன் கோமளவல்லி கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறார்: "அவசரத்துக்கு மட்டும். பட்டமுத்து தொடக் கூடாது." தொடாமல் எப்படி எண்ணுவது?

10:25

சூரியன் தும்மியிருக்கிறது, கதிர்ப்புயல். விளக்குகள் மூன்று தடவை அணைந்து எரிந்தன. கப்பலின் மூன்று நினைவகங்களில் இரண்டு துடைத்து விட்டாற்போல் காலி. கப்பலின் டிஸ்க் ரைட்டரும் செத்தது. என் கேபினில், சுவரோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரிக்குள் இருக்கும் என் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் உறுமுகிறது. எல்லோரும் சொந்தச் சாமானாகத் துணிமணி கொண்டுவந்தார்கள். நான் இதைக் கொண்டுவந்தேன். அதனால்தான் 212 நாளாக இரண்டே சட்டை.

10:50

தரை நிலையத்திலிருந்து ஜெபசீலி. அவள் பேசி ஏழு நிமிடம் கழித்துத்தான் எனக்குக் கேட்கும்.

"அண்ணாச்சி, இது சும்மா முன்னோட்டம். பெருசு 16:20க்கு வருது. மிச்சமிருக்க நினைவகமும் போயிரும். எழுப்பு நிரல் அஞ்சையும் உடனே டிஸ்க்ல ஏத்துங்க. லேசர் சுட்டத எந்தக் கதிரும் அழிக்காது. இதுக்குத்தானே இருபத்தஞ்சு குடுத்தோம்? எண்ணிச் சொல்லுங்க. உண்மையச் சொல்லுங்க."

எழுப்பு நிரல் என்பது ஒவ்வொருவருக்கும் தனி: எந்த நிமிடத்தில் உடம்பை எவ்வளவு சூடாக்குவது, எந்த மருந்து எத்தனை துளி. உறங்கப் போகும்போது கப்பலிலேயே கணித்தது, தரையில் நகல் இல்லை. அது இல்லாவிட்டால் பெட்டிக்குள் இருப்பவர் சாகமாட்டார். எழுந்திருக்கவும் மாட்டார்.

டிஸ்க் பெட்டியைத் தொட்டேன். எண்ணினேன். ஐந்து.

11:05

மீதி இருபது எங்கே என்று எழுதிவிடுகிறேன். பதினேழில் சினிமா, முன்பு காவல் முறை மாறும்போதெல்லாம் விழித்தவர் ஒவ்வொருவரும் படம் கேட்டு என் கேபின் கதவைச் சுரண்டுவார்கள். இரண்டில் கேப்டனின் தங்கை கல்யாண வீடியோ. ஆமாம், அந்த மூடியில் எழுதி ஒட்டியவரேதான். "யாருக்கும் தெரிய வேண்டாம், பட்டமுத்து" என்று ரகசியமாக வந்து நகல் எடுத்துக்கொண்டு போனார். இருபதாவதில் நான் பாடிய பாட்டுகள். யாரும் கேட்கவில்லை, நானாகப் போட்டது.

ஐந்து பேருக்கு ஐந்து டிஸ்க். போதும். நிரல்களை என் கம்ப்யூட்டருக்கு இழுத்தாயிற்று. அதன் ரைட்டர் கிழடு, அவசரப்படுத்தினால் டிஸ்க்கைக் கெடுத்துவிடும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம். டிரேயின் பிடிப்பும் போய்விட்டது, மடித்த அட்டையைச் செருகினால்தான் உள்ளே நிற்கும். கணக்குப்படி கடைசி டிஸ்க் 16:15க்கு முடியும். உடனே ஈய அறைக்கு ஓட்டம்.

ஐந்தாம் பெட்டியில் தொடங்கி இறங்குவரிசையில் போகிறேன். முதல் பெட்டி கேப்டன், அவர் கடைசி. காரணம் தொழில்நுட்பம் அல்ல. எழுந்ததும் அவர் கேட்கப்போவது டிஸ்க் கணக்கு.

14:10

மூன்று முடிந்தது. மூன்றையும் சரிபார்த்து அந்தந்தப் பெட்டியில் சொருகிவிட்டேன். தரைக்கும் சொல்லியாயிற்று. நான்காவது ஓடுகிறது.

14:52

கெடுத்துவிட்டேன்.

எழுபது சதவீதத்தில் ஜெபசீலியின் அழைப்பு மணி. பாராட்டைக் கேட்க வேண்டாமா? அட்டையை நம்பி, தேநீரும் கையுமாகக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன்.

"மூணு முடிஞ்சிட்டுன்னதும் இங்க எல்லாரும் கை தட்டுனாவ, அண்ணாச்சி. கேப்டனத்தான் மொதல்ல போட்டிருப்பீய, எனக்குத் தெரியும்லா."

திரும்பி வந்தால் அட்டை தரையில். டிரே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரில் கெட்ட டிஸ்க்கை சைக்கிள் மட்கார்டில் ஒட்டுவார்கள், இரவில் பளபளக்கும். இங்கே சைக்கிளும் கிடையாது.

ஒரு வெற்று டிஸ்க். இரண்டு பேர்.

15:20

கடைசி வெற்று டிஸ்க்கை இரண்டாம் பெட்டிக்கே போட்டேன். அங்கே உறங்குபவருக்கு நான்கு வயதில் ஒரு மகள். கேப்டன் விழித்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பார், கூடவே என்னையும் நாலு வார்த்தை. அட்டை வேண்டாம், அலமாரிக்குள் இடது கையை விட்டு, கட்டைவிரலால் டிரேயை அழுத்திப் பிடித்திருக்கிறேன். வலது கை எழுதுகிறது.

சினிமா டிஸ்க்குகள் உதவாது. எழுதியபின் மூடிவிட்டேன், மூடிய டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடச் சேர்க்க முடியாது. ஒன்றை மட்டும் மூடவில்லை. பன்னிரண்டு பாட்டு போட்டேன், பதின்மூன்றாவது ஒருநாள் சுருதியோடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் திறந்தே வைத்தேன். அதில் முக்கால் பங்கு காலி. கேப்டன் அதில் அடங்குவார்.

ஜெபசீலிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி ஓட்டம் இல்லை, கட்டுப்பாட்டு அறை இணைப்பைக் கேபினுக்கு மாற்றி, மைக்கை வாயருகே இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

15:56

"திறந்த டிஸ்க்ல சேக்கலாம். ஆனா உறக்கப் பெட்டி மொதப் பகுதிய மட்டுந்தான் படிக்கும், அதுல உங்க பாட்டுதான் இருக்கு. பொறவு வேற கம்ப்யூட்டர்ல ரெண்டாம் பகுதிய எடுத்து, புது டிஸ்க்ல ஏத்தணும். நாங்க செஞ்சிருவோம். ஆனா நேரம் இல்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டர ஈய அறைக்குத் தூக்கிட்டுப் போவ முடியாதா?"

முடியாது. அங்கே பிளக் எல்லாம் பெட்டிகளுக்கே போகிறது. வெளியிலிருந்து வயர் இழுத்தால் கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் ஐந்து பேரும் கதிரில் வேக வேண்டியதுதான்.

16:02

இரண்டாம் பெட்டியின் டிஸ்க் தயார், சொருகியாயிற்று. பாட்டு டிஸ்க் உள்ளே. கேப்டனின் நிரல் ஓடத் தொடங்கிவிட்டது. 17:02க்கு முடியும்.

16:14

"அலமாரி முக்கால் மணி நேரம் தாங்கும், அதுக்குள்ள ஏறிரலாம். நீங்க தாங்க மாட்டீய. நாலு பேரு போதும், அண்ணாச்சி. கேப்டனுக்கு வேற வழி பாக்கலாம். உள்ள போங்க. ஒங்க காலுல விழுதேன்."

வேறு வழி இல்லை என்பது அவளுக்கும் தெரியும். குரலை வைத்தே சொல்லிவிடலாம், அவள் பொய் சொல்லப் பழகாத பெண். எனக்கு அந்தக் குறை இல்லை. கேப்டனை முதலில் போட்டிருந்தால் இந்நேரம் எல்லாரும் பத்திரம். நான் அவருக்குப் பயந்ததற்கு அவர் ஏன் உறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்?

20%.

16:21

வந்துவிட்டது. சத்தமே இல்லை. கண்ணை மூடினாலும் உள்ளே பூப்பூவாக மின்னுகிறது. நாக்கில் பழைய ஐந்து பைசாவைச் சப்பிய ருசி. விளக்கு போயிற்று. திரை வெளிச்சத்தில் எழுதுகிறேன். 33%.

16:38

60. வாந்தி இரண்டு முறை. கட்டைவிரலை எடுக்கவில்லை. கேப்டன் இதைப் பார்த்தால் முதலில் தரையைத் துடைக்கச் சொல்வார்.

16:45

"...ண்ணாச்சி... உள்ள போயிட்டீயளா... ஆமான்னு ஒரு வார்த்தை..."

மைக் செத்துவிட்டது. ஆமாம் என்று இங்கே எழுதிவைக்கிறேன். அவளிடம் காட்டுங்கள்.

16:53

85. திரையில் கோடு கோடாக. எண் தெரிகிறது. விரல் இருப்பது தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

17:02

100. மூடச் சொல்லிவிட்டேன். மூடாவிட்டால் வேறு கம்ப்யூட்டர் இதைப் படிக்காது. இன்னும் நான்கு நிமிடம். என் வாழ்நாளில் நான் மூடக் காத்திருக்கும் கடைசி

17:07

மூடிவிட்டது. பதின்மூன்றாவதுக்கு இடம் இல்லை.

கண்டெடுப்பவருக்கு. டிஸ்க் இந்தக் குறிப்பேட்டுக்குள். மேலே 'பட்டமுத்து பாடியவை' என்று இருக்கும். தூக்கி எறியாதீர்கள். பெட்டியில் நேராகப் போடாதீர்கள். இரண்டாம் பகுதிதான் கேப்டன். புது டிஸ்க்கில் ஏற்றி முதல் பெட்டி. எழுந்ததும் கணக்கு கேட்பார். இருபத்தைந்தில் ஆறு அவசரத்துக்குப் போயிற்று என்று சொல்லுங்கள். அதில் ஒன்று நான் கெடுத்தது.

முதல் பகுதி பாட்டு. கேட்க வேண்டாம். தாண்டிப் போங்கள். நேரம் இருந்தால் நாலாவது மட்டும் ஒரு தடவை, அது கொஞ்சம் சுரு