முத்துமாரி வராத பாட்டு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

காலையில் தண்ணீர் வந்தது. கலங்கல்.

எனக்கு எழுத்து தெரியாது. போனில் மைக்கை அமுக்கிவிட்டுப் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. எங்கள் திருநெல்வேலிப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போலப் பேசினால் பிடிக்கிறது. ஆகவே இதற்குள் மட்டும் நான் மரியாதையான ஆள். மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே சொல்லுவேன், பிடித்த வரையில் பிடிக்கட்டும்.

பரணில் பேரன் ஹரி ராப் பாடிக்கொண்டிருக்கிறான். பகலில் பார்சல் கொடுக்கிற வேலை, மற்ற நேரம் இது. பரணுக்கு நேர் கீழே என் கட்டில். எல்லாம் என் காதில்தான் விழுகிறது.

இன்றைய பாட்டில் மூன்று கார் வருகிறது. ஒன்றுகூட எங்கள் கல்லிக்குள் நுழையாது, சந்து அவ்வளவு ஒடுக்கம்.

பிப்ரவரி 5, புதன்

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இங்கே தாராவிப் பையன்கள் இதைத் தொடங்கியபோது எனக்கு அது இரைச்சல். பிறகு காது பழகிவிட்டது. ஒருவன் தன் அண்ணனைப் போலீஸ் கூட்டிப்போன நாளைச் சொன்னான். என்ன சட்டை போட்டிருந்தான், அம்மா சோற்றுத் தூக்கோடு எந்த வாசலில் நின்றாள், தூக்கைத் திருப்பிக் கொடுத்த ஏட்டு என்ன சொன்னார், எல்லாம் வரிசையாக வந்தது. இன்றைக்கும் முழுதாகச் சொல்லுவேன். அந்த அண்ணன் இப்போது மாஹிமில் செருப்புக்கடை வைத்திருக்கிறான். பார்த்தால் பாட்டுதான் ஞாபகம் வருகிறது.

இப்போதைய பாட்டுகளில் யாரும் எங்கேயும் போவதில்லை. நான்தான் பெரியவன், நீ சின்னவன், சங்கிலி, கார். முடிந்தது.

ஹரியிடம் கேட்டேன்: அந்த மூன்று காரிலிருந்து யார் இறங்கினார்கள்? இறங்கி என்ன செய்தார்கள்?

"யாரும் எறங்கல தாத்தா. அது சும்மா ஒரு வைப்."

இறங்காத காருக்கு எதற்குப் பாட்டு என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ நீங்க ஒரு கதை சொல்லுங்க, பாடுதேன்."

"எங்கிட்ட ஏன் கேக்க? ஒன் அம்மைட்ட கேளு, கல்லிக்கு பைப்பு எப்படி வந்துச்சுன்னு."

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்டுவிட்டான். என் மருமகள் முத்துமாரி வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் இதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

பைப் இல்லாத காலத்தில் எங்கள் பெண்கள் முனிசிபாலிட்டி வார்டு ஆபீஸுக்குப் போனார்கள். அவர்களுடைய நக்ஷாவில், ஏரியா வரைபடத்தில், எங்கள் கல்லியே இல்லை. அந்த இடத்தில் நாலா ஓடுகிறது. சாக்கடைக்கு எதற்குத் தண்ணீர் என்று எஞ்சினியர் கேட்டார். முத்துமாரி திரும்பி வந்தாள். மறுநாள் கல்லியின் அழுக்குத்துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லி, பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், ஆபீஸ் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து துவைத்தாள். வாட்ச்மேன் கேட்டதற்கு, எங்கள் வீடு நாலாவுக்குள் இருக்கிறதாம், அங்கே துவைத்தால் வெளுக்காது என்றாள். படிக்கட்டுக் கைப்பிடி, ஜீப், நோட்டீஸ் போர்டு, எல்லாவற்றின் மேலும் எங்கள் பாவாடைகள் காய்ந்தன. நான்காம் நாள் எஞ்சினியர் நேரில் வந்து கல்லியை நக்ஷாவில் வரைந்துகொண்டார்.

மழைக்கு முன்னால் பைப் வந்தது. பைப்புக்கு மேல் போர்டும் வந்தது. கிருஷ்ணா பாவு உபயம் என்று இருக்கிறதாம். பாவு என்றால் இங்கே அண்ணன். ஏரியாவுக்குத் தலைவர். எழுத்து தெரியாத எனக்கும் புரியட்டும் என்று படமும் போட்டிருக்கிறார். அந்த நாலு நாளும் அவர் ஷிர்டியில் இருந்தார்.

ஹரி பரணுக்கு ஏறிவிட்டான்.

பிப்ரவரி 20, வியாழன்

இவர்கள் வேலை செய்கிற முறை இது. பீட், அதாவது தாளம், போடுகிறவன் ஜஹாங்கீர். உத்தரப் பிரதேசத்துக் குடும்பம், ஆனால் இந்தக் கல்லியில் பிறந்தவன், தமிழை எங்களைவிடச் சத்தமாகப் பேசுவான். அவன் பீட்டை ஓட்டுவான். ஹரி முதலில் சொல் இல்லாமல் வாய்க்கு வந்ததை உளறுவான். டக்குட டக்குட, ஹே பானி, பப்பப்பா. எங்கே மூச்சு வாங்கலாம், எங்கே ஓடலாம் என்று பார்க்கத்தான். அதற்கு டம்மி என்று பெயர். பிறகு அந்த உளறலை எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் சொல்லைப் போடுவான்.

டம்மி நான்கு நாள் ஓடியது. நான் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று சொல் வந்தது. பஞ்சை எடுத்தேன்.

"நக்ஷாவுல நாலா ஓடுது, நாங்க எங்க போக?
நனைஞ்ச துணி நாப்பது மூட்டை ஆபீஸ் படியில் காய!
முத்துமாரி கேட்டா: சார், உங்க பேப்பர்ல நாங்க மீனா?
மீனுன்னா தண்ணி எங்க? மனுசன்னா பைப்பு எங்க?"

இதை அவள் அப்போது எஞ்சினியரிடம் கேட்டாளா என்று தெரியாது. கேட்டிருப்பாள்.

முத்துமாரி அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள். "ம்" என்றாள். பிறகு தண்ணீர்க்குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குடத்தில் தண்ணீர் இருந்தது.

மார்ச் 8, சனி

பாட்டு வெளியாகிற நாள். செம்பூரிலிருந்து முத்துமாரியின் தங்கை பேச்சியம்மாள் வந்திருந்தாள். பக்கத்து வீட்டு நூர் நிஷாவும் வந்தாள். முத்துமாரி கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஹரியும் ஜஹாங்கீரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நூர் நிஷா தன் போனில் போட்டாள்.

டக்குட டக்குட. ஹே பானி. பப்பப்பா.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இது டம்மி. முன்னால் இது, பின்னால் சொல் என்று ஏதாவது செய்திருப்பார்களோ?

பேச்சியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நீ எங்க வாற?"

"இந்தா, இப்ப வருவேன்."

பாட்டு முடிந்துவிட்டது. நூர் நிஷா தாளம் நன்றாக இருக்கிறது என்றாள். பேச்சியம்மாள் ஆமாம் என்றாள். முத்துமாரி சேலை மாற்றப் போனாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஜஹாங்கீர் ஜரிகை வேலை செய்கிற கார்கானாவில், ஒரு கையில் ஊசியோடு, மறு கைக் கட்டைவிரலால் பாட்டை அனுப்பியிருக்கிறான். டம்மிக்கும் சொல் வந்த பாட்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் டம்மி போய்விட்டது. நெட்டில் ஏற்றுகிறவன் கேட்காமல் ஏற்றிவிட்டான். ஹரியும் கேட்கவில்லை. தன் பாட்டுத்தானே என்று பார்சல் கொடுக்கப் போய்விட்டான்.

ஜஹாங்கீர் முத்துமாரி முன்னால் வந்து நின்றான். "சாச்சி, என்ன ரெண்டு அடி அடிங்க." அவள் டீ கொடுத்தாள். அடித்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நாளைக்கு மாற்றிவிடுவோம் என்றான் ஹரி.

மார்ச் 10, திங்கள்

மாற்றவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. தாதர் பக்கமிருந்து வந்த லாரியில் டக்குட டக்குட ஓடியது. பெண்பிள்ளைகள் போனை நிறுத்திவைத்து அதற்கு ஆடுகிறார்கள். குளிக்கிறவன் ஆடுகிறான், நாயை ஆட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள் என்கிறான் ஹரி. அவன் முகத்தில் சந்தோஷமும் இருக்கிறது. அதை அம்மா இருக்கிற பக்கம் காட்டாமல் திரும்பி நிற்கிறான். வீடு சின்னது, திரும்ப இடம் போதவில்லை.

மார்ச் 27, வியாழன்

மாட்டுங்காவிலிருந்து நிகில் என்று ஒருவர் வந்தார். பாட்டுக் கம்பெனி. நம்ம தமிழ்தான், ஆனால் வேறு தமிழ். செருப்பை எங்கே விடுவது என்று யோசித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். மரியாதையான பிள்ளை.

டம்மியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், இதே போல இன்னும் ஐந்து வேண்டும் என்றார். ஹரி இதற்கு வேறு வரிகள் இருக்கின்றன, அதுதான் பாட்டு என்று சொன்னான். சொன்னதைப் பாராட்டுகிறேன். சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

"கதை எனக்கும் பிடிக்கும், ஹரி. ஆனா வார்த்தை வந்தா பாஷை வந்துடறது. பாஷை வந்தா பாதி பேர் போயிடறா. இப்போ பாரு, குஜராத்ல ஆடறா, துபாய்ல ஆடறா."

நான் கேட்டேன், துபாயில் ஆடுகிறவர்களுக்கு இது எதைப் பற்றிய பாட்டு என்று தெரியுமா?

"தெரிய வேண்டாமே தாத்தா. அதான் அழகு."

ஹரி சரி என்றான். முத்துமாரி அடுப்பின் பக்கம் இருந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மே ஒன்றாம் தேதி கல்லி முனையில், பைப்புக்குப் பக்கத்தில், கிருஷ்ணா பாவு மேடை போடுகிறார். போர்டைப் புதுசாக்குகிறாராம். ஹே பானி என்று வருகிறதே, அந்தத் தண்ணீர்ப் பாட்டை ஹரி பாட வேண்டும், நிகில் படம் எடுக்க வருகிறார்.

இப்போது ஒரு சிக்கல். மேடையில் பாட டம்மி மனப்பாடம் இல்லை. வாய்க்கு வந்த உளறல்தானே, வாயோடு போய்விட்டது. ஆனால் ஜனம் அதே உளறலைத்தான் எதிர்பார்க்கும். ஆகவே ஹரி போனை வைத்துக்கொண்டு தன் உளறலைத் தானே படிக்கிறான். பள்ளிக்கூடப் பாடத்தை இப்படிப் படித்திருந்தால் பார்சல் கொடுக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது பப்பப்பாவுக்கு முன்னால் ஒரு ஹே வரும் என்று கட்டிலிலிருந்து சொன்னேன். முறைத்தான். பிறகு போட்டுப் பார்த்தான். வருகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஹரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முத்துமாரி பாத்திரம் துலக்கிக்கொண்டே முணுமுணுத்தாள். டக்குட டக்குட, ஹே பானி, பப்பப்பா. ஒரு இடம் தப்பாமல், மூச்சு வாங்குகிற இடம்கூடச் சரியாக.

ஹரி கையை நிறுத்திவிட்டான். "ஒனக்கும் பாடமாயிட்டா?"

"நாளெல்லாம் இதான கேக்கேன். என் பாட்டு வேற என்னன்னு எனக்கு மறந்துட்டுல."

குத்திச் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. துலக்கி முடித்துக் கவிழ்த்தாள். ஹரி தட்டில் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவினான். எனக்கு அந்த வரிகள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பரணில் சத்தம் இல்லை. ஹரியின் உதடு மட்டும் அசைகிறது.

மே 1, வியாழன்

மேடைக்கு முன்னால் நாற்காலியில் கிருஷ்ணா பாவு. பக்கத்தில் நிகில், கையில் கேமரா. பின்னால் கல்லி முழுக்க. முத்துமாரி வரமாட்டேன் என்றாள், மாவு ஆட்ட வேண்டுமாம். நூர் நிஷா மாவுச் சட்டியோடு அவளை இழுத்து வந்துவிட்டாள்.

பீட் தொடங்கியது. பிள்ளைகள் ஆடத் தயாராகக் கையைத் தூக்கினார்கள். டக்குட வரவில்லை. நக்ஷாவுல நாலா ஓடுது என்று வந்தது.

கையைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். நிகில் ஜஹாங்கீரைப் பார்த்தார். ஜஹாங்கீர் ஆகாயத்தைப் பார்த்தான். முன்வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எஞ்சினியர், வாட்ச்மேன், மூட்டை, ஜீப் மேல் காய்ந்த பாவாடை. அது யாருடைய பாவாடை என்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தி "அது என் பாவாட" என்று பக்கத்தில் சொன்னாள்.

கிருஷ்ணா பாவுக்குத் தமிழ் தெரியாது. தாளம் பிடித்துவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். கடைசிப் பகுதி வந்தது.

"நாலு நாளும் பாவு எங்க? ஷிர்டியில சாமி கும்பிட!
நாங்க துவைச்சு பைப்பு வந்தா, போர்டு மட்டும் யாரு நட?"

ஷிர்டி என்ற பெயர் காதில் விழுந்ததும் பாவு கண்ணை மூடிக் கை கூப்பினார். கல்லி சிரித்த சிரிப்பில் மைக் கூவியது. தன் பக்திக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து அவரும் சிரித்து, எழுந்து போய் ஹரிக்குச் சால்வை போட்டார்.

முத்துமாரியைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணக்குச் சரியா என்று பார்க்கிறவளைப் போல உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள். பெண்கள் எல்லோரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். "என்ன பாக்கிய? பாட்டக் கேளுங்க" என்றாள்.

மே 2, வெள்ளி

நிகில் போனை எடுக்கவில்லை.

மே 5, திங்கள்

நல்ல பாட்டு, மனதைத் தொட்டது, ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்று நிகில் செய்தி அனுப்பியிருக்கிறார். ஹரி அதை இரண்டு தரம் எனக்கு வாசித்துக் காட்டினான். ஒரு தரமே எனக்குப் புரிந்தது.

யாரோ பாவுக்கு மராட்டியில் அர்த்தம் சொல்லிவிட்டார்கள். பைப்புக்கு மேல் போர்டைக் காணோம். பெயின்டுக்குப் போயிருக்கிறதாம். போன வாரம்தான் பெயின்ட் அடித்தார்கள்.

மே 10, சனி

மேடைப் பாட்டை ஒரு பையன் போனில் எடுத்து ஏற்றியிருக்கிறான். நானூறு பேர் பார்த்திருக்கிறார்கள். டம்மிக்கு இன்னும் லட்சம் லட்சமாக ஏறுகிறது. நானூறுதானா என்று ஹரி உட்கார்ந்திருந்தான்.

எங்கள் கல்லியில் நானூறு பேர் கிடையாது. மிச்சப் பேர் யார் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

பாட்டைச் சுத்தமாகத் திரும்ப எடுக்கிறார்கள். இந்தத் தடவை டம்மி இல்லை, நேராகச் சொல். முத்துமாரி அடுப்பை விட்டுவிட்டுப் பரண் ஏணியின் மூன்றாம் படியில் உட்கார்ந்திருக்கிறாள். வழி மறிக்கிறது, யாரும் எழச் சொல்லவில்லை.

"ஏல, எஞ்சினியரு கொடை புடிச்சிட்டுல்லா வந்தாரு. வெயிலுக்கு. அத விட்டுட்ட."

"அது பீட்டுல உக்காராதும்மா."

"வந்தது கொடையோடதான?"

ஹரி ஜஹாங்கீரைப் பார்த்தான். குடையைப் பல விதமாக வைத்துப் பார்த்தார்கள். முன்னால் வைத்தார்கள், பின்னால் வைத்தார்கள். உட்காரவில்லை.

பீட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.